பாம்பு விஷத்தில் கிடைத்த வளர்ச்சி

"பிராய்லர் கோழிக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்களாமே, சாப்பிடலாமா?" என்று ராசிபுரம் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தாராளமாகச் சாப்பிடலாம். பண்ணையில் போடுவது தடுப்பூசி. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறுவது, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான்.

உடம்பின் உண்மையான வளர்ச்சிக் காரணிகள் சிறு புரதங்கள். ஒரு செல் சுரக்கும். பக்கத்துச் செல் அதைக் கேட்டுப் பிழைக்கும், பிரியும், நகரும். நரம்பு வளர்ச்சிக் காரணியை எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள். ஒவ்வொன்றையும் கந்தகப் பிணைப்புகள் முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கும். செல்லின் மேலுள்ள இரண்டு ஏற்பிகளை அது ஒருசேரப் பிடித்தால்தான் உள்ளே சேதி போகும். எங்கள் வீட்டிலிருந்து சேகோ ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப்போன வண்டியும் இப்படித்தான்: இரண்டு மாடும் ஒரே நுகத்தடிக்குள் வந்த பிறகுதான் நகரும்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது கோழிமுட்டை. 1938இல் இத்தாலியின் இனச் சட்டம், யூதரான ரீட்டா லெவி-மொண்டால்சினியைப் பல்கலைக்கழகத்தை விட்டு விரட்டியது. டூரினில் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழிக் கருவில் நரம்பு வளர்வதை ஆராய்ந்தார். கடையில் வாங்கும் நாமக்கல் முட்டை இதற்கு ஆகாது. அடை வைத்தாலும் கூமுட்டைதான்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். பிறகு அமெரிக்கா போன அவரோடு அங்கே சேர்ந்த ஸ்டான்லி கோஹன், நரம்பை வளரத் தூண்டிய ஒரு சாற்றிலிருந்த நியூக்ளிக் அமிலத்தை அழிக்கப் பாம்பு விஷத்தைக் கலந்தார். நரம்போ முன்னைவிடச் செழித்து வளர்ந்தது. விஷத்திலேயே அந்தக் காரணி குவிந்து கிடந்தது! விஷப்பையும் ஒருவகை எச்சில் சுரப்பிதானே என்று ஆண் சுண்டெலியின் எச்சில் சுரப்பியைப் பார்த்தார். அங்கே இன்னும் அதிகம். அந்தச் சுரப்பியின் சாற்றைச் சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தினால், இரண்டு வாரத்தில் திறக்கவேண்டிய கண் ஒரே வாரத்தில் திறந்தது. அது வேறொரு புரதத்தின் வேலை: 53 அமினோ அமிலங்களும் மூன்று கந்தகப் பாலங்களும் கொண்ட மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு.

சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண்ணுக்கு மேல்தோல் வளர்ச்சிக் காரணியை மருந்தாக ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரிக்கிறது. நம் கண்ணில் படுவதோ அதே பெயரில் முகத்துக்கும் முடிக்கும் விற்கும் சீரம்தான். கோழி விஷயத்திலும் இப்படித்தான். இல்லாத ஊசிக்கு நடுங்குகிறோம். எடை கூட்டத் தீவனத்தில் கலந்த ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேறெதுவும் கேட்காத கிருமிக்கு மனிதருக்கென வைத்திருக்கும் கோலிஸ்டினையே கோழிக்குக் கொடுத்தோம். 2019இல் மத்திய அரசு தடை போட்ட பிறகுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது.