ரிப்போர்ட் நார்மல், எழுந்திருக்கத்தான் முடியவில்லை

தோலிலும் வாயிலும் கொப்புளம் எழும் பெம்பிகஸ் நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்குவோரின் கடிதங்களில் ஒரே குழப்பம்: தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, சிபிகே என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் சரியாக இருக்கிறதே? இதை மட்டும் விரிவாகப் பார்க்கலாம். சிபிகே தசையின் ஆரோக்கியத்துக்கு நற்சான்று என்ற தோற்றம் இருக்கிறது. உண்மையில், தசைநாரின் சவ்வு சேதமாகும்போது வெளியே கசியும் நொதியைத்தான் அது அளக்கிறது. ஸ்டீராய்டு சவ்வைத் தொடுவதில்லை. பழைய புரதத்துக்குக் 'கழிவு' என்று முத்திரை குத்தும் நொதிகளை நாருக்குள்ளேயே பெருக்குகிறது. புதுப் புரதம் உருவாவதையும் தடுக்கிறது. பூட்டு உடையாமல் வீட்டு ஆளே நகையை எடுத்து விற்பது போன்ற வேலை இது. வாசலில் தடயம் தேடிப் பயனில்லை. வேகமாக இயங்கும் இரண்டாம் வகை நார்களே அதிகம் இளைக்கின்றன. தொடையும் இடுப்பும் முதலில் தளரும், வலி பெரும்பாலும் இராது. ஊசி செருகித் தசையின் மின்னியக்கத்தைப் பார்க்கும் இஎம்ஜி சோதனை முதலில் பதிவுசெய்வது மற்ற வகை நார்களை என்பதால், அதுவும் தொடக்கத்தில் 'நார்மல்' என்றே வரும்.

வாய்ப்புண்ணால் சாப்பிடாமல் படுத்தே கிடந்தாலும் தசை இளைக்காதா என்று கேட்கலாம். இளைக்கும், பொட்டாசியம் குறைந்தாலும் பலம் போகும். ஆனால் டோஸைக் குறைத்த சில வாரங்களிலோ மாதங்களிலோ பலம் திரும்பினால், சந்தேகம் மருந்தின் மேல்தான் விழும். ஸ்டீராய்டு வருமுன் பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள் என்பது கனமான மறுப்பு. அதனால் ஸ்டீராய்டைக் கைவிட முடியாது என்பதை மறுக்கவில்லை. அசதயோபிரின், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளைச் சேர்த்து டோஸைக் குறைக்க அது காரணமாகலாம். ஒவ்வொரு முறையும் நோயாளியை நாற்காலியிலிருந்து கைகட்டியபடி எழச் சொல்லிப் பார்க்காததற்குக் காரணமாகாது. அந்தச் சோதனைக்குக் காசும் கிடையாது. 'ஸ்டீராய்டு' என்ற பொதுப்பெயரும் பாதியைத்தான் சொல்கிறது: ஃப்ளூரின் அணு கொண்ட டெக்ஸாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் பிரெட்னிசொலோனைவிடத் தசையை அதிகம் வாட்டுபவை. தோல்-தசை அழற்சி நோயான டெர்மட்டோமயோசைட்டிஸில் கதை தலைகீழ். அங்கே நோயே தசையைத் தாக்கும். சிபிகே ஏறினால் நோயையும், நோய் அடங்கிய பிறகும் பலவீனம் கூடினால் மருந்தையும் சந்தேகிக்கலாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. ஸ்டீராய்டை நானே நிறுத்தலாமா? கூடாது, அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும், திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்து.

உடற்பயிற்சி? எலும்பின் நிலையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்தால் நல்லது.

சொரியாசிஸுக்கு சைக்ளோஸ்போரின், கொழுப்புக்கு ஸ்டாட்டின், இரண்டும் சேர்ந்தால்? இரண்டு மருத்துவருக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். அந்தச் சேர்க்கை தசையை உண்மையிலேயே உடைக்கக்கூடியது, அப்போது சிபிகே எகிறும்.

முகப்பரு மாத்திரை ஐசோட்ரெட்டினாயின்? தசைவலி வரலாம், கடும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு சிபிகே ஏறுவதும் உண்டு.