சீன எழுத்து: எந்தக் கோடு முதல்ல?

போன எபிசோடுல சீன மொழியோட உச்சரிப்பு பத்திப் பேசினோம். இன்னைக்கு எழுத்து. அதுலயும் ஒரே ஒரு விஷயம்தான்: ஒரு எழுத்துல எந்தக் கோட்டை முதல்ல போடணும், எதைக் கடைசில போடணும். ஸ்ட்ரோக் ஆர்டர்னு சொல்வாங்க. சீனத்துல இதுக்குப் பேர் ‘பீஷுன்’.

நான் ஷாங்காய்க்கு வேலைக்குப் போன புதுசுல இதை மதிக்கவே இல்லை. எழுத்து கடைசில சரியா வந்தா போதாதா, எங்க ஆரம்பிச்சா என்னன்னு நினைச்சேன். அச்சுல இருக்கறதைப் பாத்துப் பாத்தே ஒரு முந்நூறு எழுத்து கத்துக்கிட்டேன். பெருமையாவும் இருந்தது.

ஒருநாள் ராத்திரி, நான் இருந்த குடியிருப்பு வாசல்ல காவலாளி கைப்பட எழுதின ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நின்னு பாத்தேன், ஒண்ணும் புரியலை. வண்டி நிறுத்தறது பத்தி ஏதோ இருக்கும்னு மேல போயிட்டேன். மறுநாள் காலைல தலை முழுக்க ஷாம்பூ, குழாய்ல தண்ணி இல்லை. சீட்டுல இருந்தது ‘நாளை தண்ணீர் நிறுத்தம்’. சீனத்துல நாலே எழுத்து. நாலுமே எனக்குத் தெரிஞ்ச எழுத்துதான்!

சாயங்காலம் எங்க டீச்சர்கிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சுட்டு, “தண்ணீர்னு எழுதிக் காட்டுங்க”ன்னாங்க. அந்த எழுத்துக்கு நடுவுல ஒரு செங்குத்துக் கோடு, இடப்பக்கம் மடங்கின ஒரு கோடு, வலப்பக்கம் ரெண்டு கோடு. மொத்தம் நாலு. நான் இடது, நடு, வலதுன்னு எழுதினேன். “நீங்க எழுதலை, படம் வரையறீங்க”ன்னாங்க.

சரியான வரிசைப்படி நடுக்கோடுதான் முதல்ல. அதோட அடியில இடப்பக்கமா ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை நான் வெறும் அலங்காரம்னு நினைச்சிருந்தேன். அடுத்த கோடு இடப்பக்கம் வரணும் இல்லையா, பேனா அங்க கிளம்பற தடம்தான் அந்தக் கொக்கி. வேகமா எழுதும்போது பேனாவைத் தூக்க மாட்டாங்க. கொக்கி நீண்டு அடுத்த கோட்டோட சேர்ந்துடும். வரிசை தெரிஞ்சவங்க அந்தப் பாதையைப் பிடிச்சுப் படிச்சுடுவாங்க. தெரியாதவங்களுக்கு அது வெறும் கிறுக்கல்.

1956-ல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கத் தொடங்கினப்போ, வேகமா எழுதற கையெழுத்துல இருந்து சில வடிவங்களை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. புத்தகம்ங்கற எழுத்துக்குப் பழைய வடிவத்துல 10 கோடு. இப்போ 4. வண்டிக்கு 7 இருந்தது, அதுவும் இப்போ 4.

அடிப்படை விதிகள் கொஞ்சம்தான். மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் குறுக்கே வெட்டினா, படுக்கைக் கோடு முதல்ல. கூட்டல் குறி மாதிரி இருக்கற ‘பத்து’ அப்படித்தான். பெட்டிக்குள்ள எழுத்து இருந்தா, முதல்ல மூணு பக்கச் சுவர், அப்புறம் உள்ளே இருக்கறது, கடைசில அடிக்கோடு. ‘நாடு’ங்கற எழுத்து அப்படி. ஆளை உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்தற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

விதிக்குள்ள அடங்காததும் உண்டு. தண்ணீருக்கு நடு முதல்ல. நெருப்புக்கோ பக்கத்துல இருக்கற ரெண்டு பொறியும் முதல்ல, நடுவுல இருக்கறது அப்புறம். ஊருக்கு ஊர் மாறறதும் உண்டு. ‘அரசன்’ங்கற எழுத்துல மூணு படுக்கைக் கோடு, ஒரு செங்குத்து. சீனாவுல செங்குத்துக் கோடு மூணாவதா வரும், ஜப்பான்ல ரெண்டாவதா. அதனால யார்கிட்ட கத்துக்கறீங்களோ அந்த ஊர் முறையையே பிடிச்சுக்கோங்க. சீனாவுல 1997-ல் 7,000 எழுத்துகளுக்கு வரிசையை வரையறுத்து வெளியிட்டிருக்காங்க.

போன்லயும் இது உதவும். கோடுகளை அஞ்சு வகையாப் பிரிச்சு 1-லிருந்து 5 வரை எண் கொடுத்த ஒரு விசைப்பலகை இருக்கு: படுக்கை, செங்குத்து, இடச்சாய்வு, புள்ளி அல்லது வலச்சாய்வு, மடங்கல். தண்ணீருக்கு 2, 5, 3, 4. வரிசை தப்பினா தண்ணீர் வராது!

பழகறது எப்படி? சீனப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க காத்துல விரலால எழுதுவாங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் பேர் சொல்லிக்கிட்டே: ‘ஹெங்’னா படுக்கை, ‘ஷு’ன்னா செங்குத்து. நானும் அப்படித்தான் அந்த முந்நூறையும் முதல்லேருந்து திரும்ப எழுதினேன். ரெண்டு மாசம் ஆச்சு. புதுசாக் கத்துக்கறதை விட, தப்பாப் பழகின கையைத் திருத்தறது கஷ்டம். அதனால நீங்க முதல் எழுத்திலேயே வரிசையோட ஆரம்பிச்சுடுங்க.

அப்புறம் ஒருநாள் வாசல்ல மறுபடியும் அதே கையெழுத்துல ஒரு சீட்டு. நின்னு படிச்சேன். மேல போய் ரெண்டு பக்கெட் நிறையத் தண்ணி பிடிச்சு வெச்சேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.