ஒத்த பயன்

இரு சிகிச்சைகளில் எது சிறந்தது என வினவுங்கால், "இரண்டும் ஏறக்குறைய ஒக்கும்" என்பதும் விடையாம். அதனை எங்ஙனம் உரைப்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1956-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியொன்றில், காசநோய் கொண்ட ஏழை மக்கள் 193 பேர், திருவுளச்சீட்டிடுதல் போன்ற முறையால் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மறுசாரார் வீட்டிலிருந்தே அம்மருந்துகளை உண்டனர். ஓராண்டின் முடிவில் நோய் அடங்கப்பெற்றோர் முன்னவருள் நூற்றுக்கு 92, பின்னவருள் 86.

இவை முற்றும் சமம் என்றல் பிழை. வீட்டுச் சிகிச்சை தாழ்ந்தது என்றலும் மிகை. சிறு தொகையினரிடை இத்துணை வேறுபாடு தற்செயலாகவும் நேரும். வேறுபாடு உறுதிப்படாமை வேறு, வேறுபாடின்மை வேறு. ஆதலின் இரண்டு எண்களையும், ஆராயப்பட்டோர் தொகையையும் ஒருங்கே கூறுதலே நேர்மை.

அந்நேர்மையாலன்றோ, திண்டுக்கல் சமவெளியில் உழுதுண்ணும் ஏழையும் மனைமக்களைப் பிரியாது நலம்பெறும் வழி திறந்தது!