போடியாரும் முல்லைக்காரரும்

நிலம் ஒருவரிடம், உழைப்பு இன்னொருவரிடம். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தாலன்றி நெல் விளைவதில்லை. ஆதலால், சொந்த நிலமில்லாத உழவன் பெருநிலமுடைய ஒருவரைத் தேடிச் சென்று அவரோடு கூட்டுச் சேர்வது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். அத்தகைய கூட்டு எப்பொழுது இரு சாராருக்கும் நன்மை தரும், எப்பொழுது ஒரு சாராரைக் கடனில் ஆழ்த்தும் என்பதை அறிய விரும்புவோர் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் நோக்குதல் நலம்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்களில் மக்கள் நெருங்கி வாழ்வது அங்கேதான். வாவிக்கு மேற்கே சூரியன் படும் திசையிலுள்ளது படுவான்கரை. உன்னிச்சைக் குளத்து நீரும் நவகிரிக் குளத்து நீரும் பாயும் பெரிய வயல்வெளிகள் அப்புறத்தில் உள்ளன. எனவே, நிலமுடையவர் ஒரு கரையிலும் அவருடைய வயல் மறு கரையிலுமாக இருப்பது இங்கு புதுமையன்று. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, அவ்வழியே செல்வோர் வாவியை நீர்வழியாகவே கடந்தனர். வீட்டுக்கும் வயலுக்கும் இடையே நீர் கிடந்தமையால், வயலிலேயே தங்கி அதனைக் காக்கும் நம்பிக்கையான ஆள் நிலக்காரருக்கு இன்றியமையாதவரானார்.

இவ்வாறு தோன்றியதே போடியார், முல்லைக்காரர் உறவு. பெருநிலமுடையவர் போடியார், தமிழரிடையே மட்டுமன்றி முஸ்லிம்களிடையேயும் போடியார் உண்டு. அவருடைய வயலில் ஒரு போகம் முழுவதும் பாடுபட்டு, அறுவடையில் நெல்லாக ஊதியம் பெறுபவர் முல்லைக்காரர். விதை நெல்லையும் எருமைகளையும் போடியார் கொடுப்பார். முல்லைக்காரர் வயலில் வாடி கட்டித் தங்கி, வரம்பு கட்டி, விதைத்து, நீர் பாய்ச்சி, இரவில் பரண்மீதிருந்து யானையையும் பன்றியையும் விரட்டுவார். வட்டை முழுவதற்கும் நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவர் வட்டை விதானையார். 'வேளாண்மை வெட்டு' முடிந்து, களவெட்டியில் சூடடித்து, நெல்லை அளக்கும் நாளே கணக்குத் தீர்க்கும் நாள்.

அந்தக் கணக்கிலேதான் இவ்வுறவின் உயிர் இருக்கிறது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் முல்லைக்காரரின் குடும்பம் உண்ண வேண்டுமே! அதற்காகப் போடியாரிடம் நெல்லும் பணமும் முன்னதாகப் பெறுவர். அவை அறுவடையின்போது கழிக்கப்படும். நல்ல விளைச்சலாயின் இருவர் வீட்டிலும் நெல் நிறையும். வடகீழ்ப் பருவமழை வெள்ளமாகிப் பயிர் அழுகினாலோ, மழை பொய்த்துப் பயிர் கருகினாலோ, முற்பணம் கடனாக எஞ்சி அடுத்த போகத்துக்குத் தொடரும். கடன்பட்டவர் வேறொரு போடியாரைத் தேடிப் போவது எளிதன்று. போடியாருக்கும் நட்டமே, ஆயினும் அவருக்கு நிலம் எஞ்சுகிறது. முல்லைக்காரருக்கு எஞ்சுவது கடன் மட்டுமே.

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் உரிமைக்குப் பாதுகாப்பளிக்கவும், நிலக்காரர் பெறும் பங்குக்கு எல்லையிடவும் முற்பட்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க நெற்காணியை 25 ஏக்கராக வரையறுத்தது. சட்டம் பங்கின் அளவை விதிக்கலாம். ஆனால் வாடிக்குக் கொண்டுபோன ஒவ்வொரு மரைக்கால் நெல்லையும் அது எண்ணிக்கொண்டிருக்க இயலாது.

இதே சிக்கல் ஆபிரிக்காவிலும் எழுந்ததுண்டு. சூடான் நாட்டில் நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் இடைப்பட்ட கெசிராச் சமவெளியில், 1925ஆம் ஆண்டு சென்னார் அணை கட்டி முடிக்கப்பட்டதும் மாபெரும் பருத்திப் பண்ணை உருவாயிற்று. அரசாங்கம், கம்பெனி, குத்தகை விவசாயி ஆகிய மூவரும் அதில் பங்காளிகள். பருத்தி வருவாயில் விவசாயியின் பங்கு நூற்றுக்கு 40 என முன்னரே வகுக்கப்பட்டது. அவர் தம் உணவுக்காக விளைத்த சோளம் முழுவதும் அவருக்கே உரியது. பங்கு தெளிவாகவே இருந்தது. ஆயினும், 1930ஆம் ஆண்டையொட்டி உலகச் சந்தையில் பருத்தி விலை விழுந்து, பயிரையும் நோய் தாக்கியபோது, அங்கும் விவசாயிகள் கடனில் ஆழ்ந்தனர். கம்பெனியின் உரிமை 1950இல் முடிவுற, பண்ணை நாட்டின் பொறுப்பில் வந்தது.

ஆகவே, கூட்டுச் சேரப் பெருவயலைத் தேடுவோர் அதன் பரப்பைக் கண்டு மயங்குதல் கூடாது. மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். முதலாவது, நீர் உறுதியா? குளத்து நீர் பாயும் வயலும் மழையை மட்டும் நம்பிய வயலும் ஒன்றல்ல. இரண்டாவது, முற்பணத்தின் கணக்கு இருவர் கையிலும் இருக்கிறதா? ஒருவரிடம் மட்டும் உள்ள ஏட்டைக் கொண்டு வழக்குத் தீராது. மூன்றாவது, பயிர் அழிந்தால் நட்டம் யாருடையது? விளைவைப் பங்கிடும் முறையில் நட்டத்தையும் இருவர் தாங்குவர். குத்தகையை முன்னரே பணமாகக் கட்டிவிட்டால், அது முழுவதும் உழுபவர் தலையிலே விழும்.

இன்று எருமைகளின் இடத்தை உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பிடித்துள்ளன. களவெட்டியில் இரவு முழுதும் நடந்த வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. ஆயினும் அந்த மூன்றாவது வினா மாறவில்லை. விதைப்பதற்கு முன்னரே அதற்கு விடை கண்டு எழுதி வைத்துக்கொள்ளும் பங்காளிகளே, வெள்ளம் வந்துபோன மறு ஆண்டிலும் ஒரே வயலில் மனக்கசப்பின்றி இறங்க வல்லவர்கள்.