'டேட்டா சயின்ஸ்' போர்டைப் பார்த்து பணம் கட்டலாமா? பூட்டு ஊர் பெற்றோர் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

திண்டுக்கல் பூட்டு வாங்க வருகிற விவரமான ஆள் முதலில் கேட்பது, "எத்தனை லீவர்?" என்பதுதான். மேலே இருக்கும் பளபளப்பைப் பார்த்து அவர் பணம் கொடுக்க மாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பை திறக்கும்.

ஆனால், பிள்ளையின் படிப்பு என்று வரும்போது?

பிளஸ்-டூ ரிசல்ட் வந்துவிட்டால் பஸ் நிலையம் முதல் நாகல்நகர் வரை டீக்கடைகளில் இதே பேச்சுதான்.

"பொண்ணை எதுல சேர்க்கலாம்ணே?"

"டேட்டா சயின்ஸ்ல சேத்து விடு. படிச்சு முடிச்சதும் லட்சத்துல சம்பளமாம்ல!"

"அப்படின்னா என்னண்ணே?"

"அது... கம்ப்யூட்டரு சம்பந்தப்பட்டது."

அவ்வளவுதான்! இந்த நாலு வார்த்தையை நம்பி வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. பாங்கியில் கல்விக் கடனுக்குக் கையெழுத்து விழுகிறது. படிக்கிற காலத்திலும் கடனுக்கு வட்டி ஏறும் என்பது பல பேருக்குப் பிறகுதான் தெரிகிறது.

அது என்ன படிப்பு?

'டேட்டா' என்றால் விவரம். மளிகைக் கடைக்காரர் எழுதும் சிட்டையும் டேட்டாதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தினமும் எத்தனை மூட்டை இறங்கியது என்ற கணக்கும் டேட்டாதான். இந்த விவரங்களைக் கோடிக்கணக்கில் சேர்த்து, அலசி, நாளை என்ன நடக்கும் என்று சொல்வதுதான் வேலை. பாங்கி, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், பெரிய ஜவுளிக்கடை என்று எல்லா இடத்திலும் இந்த வேலை இருக்கிறது.

இதற்கு இரண்டு வித்தை வேண்டும். ஒன்று புள்ளியியல். மற்றொன்று கம்ப்யூட்டர். முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் படித்தால், வண்டி ஓட்டத் தெரிந்தும் வழி தெரியாத டிரைவர் கதைதான்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் பாட்டிமார் சொன்னதே புள்ளியியலின் அரிச்சுவடிதான். ஆனால், அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிரியாணி அண்டாவில் மேலாக ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தால், அடி பிடித்தது தெரியுமா? தெரியாது! எந்த இடத்தில் இருந்து எடுப்பது, எத்தனை கரண்டி எடுப்பது, அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லித் தருவதுதான் புள்ளியியல். இதைத் தெரியாதவர் கையில் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரைக் கொடுத்தாலும், தப்பான விடையை வேகமாகக் கொடுக்கும். அவ்வளவே.

வயலில் விளையாடும் கணக்கு

இது ஏதோ ஏ.சி. அறை சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கத்து விவசாயியின் வயிற்றோடு சம்பந்தப்பட்ட சமாசாரம்.

பயிர் பொய்த்தால் இன்சூரன்ஸ் பணம் எப்படி வருகிறது? 2016-ல் வந்த பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொருவர் நிலத்தையும் முழுக்க அறுத்துப் பார்ப்பது கிடையாது. சில வயல்களைக் குலுக்கல் முறை போலத் தேர்ந்தெடுப்பார்கள். நெல் என்றால் பொதுவாக 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, எடை போடுவார்கள். அந்த எடையை வைத்து அந்தப் பகுதி முழுவதற்கும் விளைச்சல் கணக்கிடப்படும். முந்தைய ஆண்டுகளின் சராசரியை வைத்து நிர்ணயித்த அளவை விட அது குறைந்தால் இழப்பீடு!

தேர்வு செய்த வயல் எல்லாம் வாய்க்கால் ஓரமாகவே அமைந்துவிட்டால்? கடைமடைக்காரன் கதி அதோகதி. அண்டாவின் மேல் கரண்டி கதைதான் இங்கும்.

இந்த மாதிரி எடுப்புக் கணக்கை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் பி.சி.மகலனோபிஸ். வங்காளத்துச் சணல் வயல்களில் இதை நடத்திக் காட்டியவர். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரும் அந்த நிறுவனத்துக்குத்தான் வந்தது. புள்ளியியலும் கம்ப்யூட்டரும் அன்றே ஜோடி சேர்ந்துவிட்டன! அவர் பிறந்த ஜூன் 29-ந் தேதி, 2007 முதல் தேசிய புள்ளியியல் தினம்.

ஆத்தூரில் அன்றே நடந்தது

நம் மாவட்டமும் இதற்குப் புதிது அல்ல. சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்தில் 1959-ல் ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் பிறப்பு எத்தனை, இறப்பு எத்தனை என்று ஊழியர்கள் கணக்கு எடுத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமும் கூடவே நடந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே பிறப்பு விகிதம் இறங்கியதை அந்தக் கணக்கே காட்டியது. 'ஆத்தூர் அனுபவம்' என்று நாடு முழுவதும் சுகாதாரத் துறையினர் பேசினார்கள். பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு செய்த 'டேட்டா சயின்ஸ்' அது!

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

சரி, பணம் கட்டும் முன் கல்லூரியில் என்ன கேட்பது?

1. "புள்ளியியல் எத்தனை தாள்?" பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவு, மாதிரி எடுப்பு, ரிக்ரஷன் ஆகியவை இருக்க வேண்டும். கூடவே பைத்தான் போன்ற ஒரு கம்ப்யூட்டர் மொழியும், விவரங்களைச் சேமித்து எடுக்கும் எஸ்.கியூ.எல்.லும் இருக்க வேண்டும்.

2. "பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்?" யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா, என்ஜினீயரிங் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா என்று எழுத்தில் பார்க்க வேண்டும்.

3. "மொத்தச் செலவு எவ்வளவு?" முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது.

4. "போன வருஷம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்?" வேலைக்கு காரண்டி என்று வாயால் சொன்னால் நம்ப வேண்டாம். சீனியர் மாணவர்கள் இரண்டு பேரைத் தனியாகப் பார்த்து விசாரித்தால் உண்மை வந்துவிடும்.

இந்தக் கதவுகளும் உண்டு

போர்டில் 'டேட்டா' என்ற சொல் இருந்தால்தான் ஆகும் என்று இல்லை. பி.எஸ்சி. புள்ளியியல் சென்னை மாநிலக் கல்லூரி, லயோலா போன்ற இடங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. பி.எஸ்சி. கணிதம் படித்தவரும் கம்ப்யூட்டரைக் கூடக் கற்றுக்கொண்டு இந்த வழிக்கு வரலாம். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தில் 2018 முதல் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் நடக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு.

வீட்டில் இருந்தே படிக்க சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. தேவை இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ்-டூ தேறியவர்கள் எந்த குரூப் ஆனாலும் விண்ணப்பிக்கலாம். முதலில் நான்கு வாரப் பாடம் நடத்தி, தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அதில் தேறினால்தான் உள்ளே போகலாம். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். ஏழை மாணவர்களுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. பாடம் ஆன்லைனில், பரீட்சை மட்டும் நேரில். ஆனால், லேசு என்று நினைத்துச் சேர்ந்தால் கணக்கு கழுத்தைப் பிடிக்கும்!

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் உயர்கல்வியில் சேர்ந்தால், 2022-ல் வந்த 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ரூ.1,000. பையன்களுக்கு 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. பஸ் செலவுக்கு ஆகும்.

சர்க்கார் வேலையும் இருக்கிறது. மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. மாநிலத்தில் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் போன்ற பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. சுகாதாரத் துறைக்கு 'கணக்கிடுபவர்' என்று ஒரு பதவிக்கும் ஆள் எடுத்திருக்கிறார்கள். அதன் இங்கிலீஷ் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: 'கம்ப்யூட்டர்'! மனுஷனுக்கு இருந்த பெயரைத்தான் மிஷின் எடுத்துக்கொண்டது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, புரோகிராமைக்கூட மிஷினே எழுதிக் கொடுக்கிறது. அது எழுதியது சரியா தப்பா என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அதற்குக் கணக்குத் தெரிய வேண்டும்.

மகளுக்குக் கணக்கு பிடிக்குமா? முதலில் அவளிடம் கேளுங்கள். பிடிக்கும் என்றால் தைரியமாகச் சேர்க்கலாம். பிடிக்காது என்றால், எவ்வளவு பெரிய போர்டு ஆனாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவதே நல்லது.

பூட்டுக்கே "எத்தனை லீவர்?" என்று கேட்கிற ஊர் இது. பிள்ளையின் படிப்புக்குக் கேட்க வேண்டாமா?