வெயிலில் எடுக்கும் படமும் வேட்டித் துணியும்

அயலூரில் வாழும் குடும்பங்களுக்குப் புகைப்படம் என்பது வெறும் பொழுதுபோக்கன்று. கும்பகோணத்திலோ நெல்லையிலோ இருக்கும் பாட்டிக்குக் கல்கத்தாவில் வளரும் பேரனின் முகம் முதலில் படமாகத்தான் அறிமுகமாகிறது. கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தை நம்பியும், துறைமுகத்தை நம்பியும் வந்து தங்கிய நம்மவர் வீடுகளில் பெண்ணுக்கு வரன் பேசும்போதும் முதலில் புறப்படுவது படமே. அப்படம் நண்பகல் வெயிலில், மொட்டைமாடியில், அவசரமாக எடுக்கப்பட்டதாயின், கண்கள் இரண்டும் இருண்ட குழிகளாகவும் மூக்கின் நிழல் உதட்டின்மேல் மீசை போலவும் விழுந்துவிடும். அதைக் கண்டு, "பெண் நிறம் மட்டு" என்று எழுதிவிடுகிறார்கள். நிறத்தின் மேல் பழி போடுவது அநியாயம், குற்றம் ஒளியினுடையது.

இதை அறியாத சில நிலையங்களில் முகத்தை வெளுக்க வைத்துக் கொடுக்கிறார்கள். அது அந்தப் பெண்ணின் படமே ஆகாது. கருமையோ மாநிறமோ, உள்ள நிறம் உள்ளபடி ஒளியோடு விளங்கப் படமெடுக்க வழி இருக்கும்போது மாவு பூசுவானேன்?

காமிராவின் ஒளிமானி எதிரே உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுவது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் படத்தில் மிகுந்தால், "ஒளி அதிகம்" என்று எண்ணிக் குறைத்துவிடும்; முகம் இருண்டுவிடும். சரி, காமிராவின் தலையிலுள்ள பிளாஷைத் தட்டலாமே என்றால், அது முகத்திற்கு நேரே பாய்ந்து, மேடு பள்ளம் யாவற்றையும் அழித்துத் தட்டையாக்கிவிடும். இந்நகரத்துப் புழுக்கத்தில் வியர்த்த நெற்றி கண்ணாடி போல் பளபளக்கவும் செய்யும். ஆகவே பிளாஷ் காமிராவை விட்டு விலகிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அதன் ஒளி நேரே பாயாமல், ஒரு வெள்ளைத் திரையினூடே பரவி வரவேண்டும். டிப்யூசர் என்று கடைகளில் விற்பது இத்திரையைத்தான்.

வெள்ளைத் துணியின் மகிமையை உலகிற்குக் காட்டியவர்களுள் ஒருவர் இதே கல்கத்தாவைச் சேர்ந்தவர் என்பது நம் அன்பர்கள் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம். சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவையே குறிப்பிடுகிறேன். 1930-இல் பிறந்த அவர், 'பதேர் பாஞ்சாலி'யைப் படம்பிடிக்கத் தொடங்கியபோது இருபதைச் சற்றே தாண்டிய இளைஞர். அதற்கு முன் சினிமாக் காமிராவை இயக்கியவரல்லர். 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ'வில் காசியிலுள்ள வீடொன்றின் முற்றம் வருகிறது. மழைக்கு அஞ்சி, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அம்முற்றத்தைத் திறந்த வெளியில் அமைக்காமல் ஸ்டூடியோவுக்குள் அமைக்க நேர்ந்தது. மித்ரா வாதாடினார். முற்றத்தில் இறங்கும் வெளிச்சம் வானத்திலிருந்து நாற்புறமும் பரவி வருவது, நிழலே விழாதது. ஸ்டூடியோ விளக்குகளோ ஆளுக்கு நாலு நிழல் போடும். வாதத்தில் அவர் வெல்லவில்லை. ஆனால் வழியைக் கண்டுபிடித்தார். முற்றத்திற்கு மேலே வானத்துண்டு போல வெள்ளைத் துணியைச் சட்டமிட்டுக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் பாய்ச்சி, அது திருப்பித் தரும் ஒளியிலேயே படமெடுத்தார். பார்த்தவர் அதை மெய்யான காசி வீடென்றே நம்பினர். மித்ரா 2001-இல் மறைந்தார்.

அவர் துணியில் ஒளியை மோதவிட்டுத் திருப்பினார். நாம் துணியினூடே ஊடுருவ விடுகிறோம். தத்துவம் ஒன்றே. ஒளி வரும் பரப்பு முகத்தை நோக்கப் பெரிதாயிருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும்; சிறிதாயிருந்தால் கத்தி வெட்டியது போலிருக்கும். சூரியன் எவ்வளவு பெரிதாயினும், நம் கண்ணுக்கு அது காசளவுதான். ஆதலால் அதன் நிழல் அவ்வளவு கடுமை.

இனிச் செய்முறை. நண்பகலில் சூரியனோடு போட்டியிடச் சிறிய பிளாஷால் இயலாது. ஐ.எஸ்.ஓ. 100-இல், 1/200 விநாடி ஷட்டர் வேகத்திற்கு, நல்ல வெயிலில் எஃப் 11 அளவு துவாரம் வேண்டியிருக்கும். பெரும்பாலான காமிராக்களில் 1/200 அல்லது 1/250-க்கு மேற்பட்ட வேகத்தில் பிளாஷ் சாதாரண முறையில் ஒத்திசையாது. அவ்வளவு சிறிய துவாரத்தில், குடையைக் கடந்து வரும் பிளாஷின் ஒளி மூன்று நான்கு அடிக்கு மேல் எட்டாது. மாலை நாலரை மணிக்கு மேல் செல்லுங்கள். வெயில் சாயும்போது படத்திற்கு நிற்பவர் சூரியனுக்கு முதுகு காட்டட்டும். கண் கூசாது, முடியோரம் பொன் விளிம்பு கட்டும். முதலில் பிளாஷை அணைத்துவிட்டு, வானம் அழகாகத் தெரியுமளவுக்குக் காமிராவை அமையுங்கள். முகம் இருட்டாயிருக்கும், கவலை வேண்டா. பிறகு வெள்ளைக் குடை பூட்டிய பிளாஷை முகத்திற்குச் சற்று மேலாக, ஒரு பக்கமாகச் சாய்த்து, கையெட்டும் தொலைவில் நிறுத்துங்கள். ரேடியோ டிரிக்கர் எனும் சிறு கருவி கம்பியில்லாமலே அதை இயக்கும். தொலைவு இரட்டித்தால் ஒளி கால் பங்காகும் என்பதை மறவாதிருப்பின், அளவு தானே கைவரும். ஷட்டரை மாற்றினால் வானம் மட்டும் மாறும்; துவாரத்தை மாற்றினால் வானமும் முகமும் சேர்ந்து மாறும்.

ஹூக்ளிக் கரைக் காற்றைப் பற்றி ஒரு சொல். குடை பூட்டிய தாங்கியைத் தனியே விட்டால் சாய்ந்தே தீரும். மணல் பையைவிட, வீட்டிலுள்ள பையன் பிடித்துக்கொண்டு நிற்பது மேல். அவனும் தொழில் கற்பான். போர்க்கப்பல் கட்டும் தளத்தின் மதிலோரத்திலும் துறைமுக வாயிலிலும் காமிராவும் கையுமாக நிற்பது தகாது. காவலர்களுக்குப் பதில் சொல்வதிலேயே மாலைப்பொழுது கழிந்துவிடும்.

பிளாஷ் வாங்க வசதியில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. கரையில்லாத பகுதியாக ஒரு வெள்ளை வேட்டியை, ஒற்றை மடிப்பில், இருவர் இழுத்துப் பிடித்து வெயிலுக்கும் முகத்திற்கும் நடுவே நிறுத்தினால் போதும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையைச் சாய்த்து வைத்தால் கண்களுக்குள் வெளிச்சம் ஏறும். துணிக்கு எங்கே போவதென்று கேட்பாரில்லை; நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் வந்து தங்கிய மெட்டியாபுருஜ் இன்று தையற்காரர்களின் ஊராயிருக்கிறதே! வண்ணத் துணி மட்டும் கூடாது. பச்சைத் துணி முகத்தைப் பச்சையாக்கும்; புல்தரையருகே நின்றாற்கூட மோவாயில் அப்பச்சை ஏறும்.

இன்னொன்று. நம் வீடுகளில் ஒரு பெரியவர் காலமானபின், மாட்டுவதற்குப் படம் தேடுகிறோம். கலியாணக் கூட்டப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்துப் பெருக்கி, மங்கலாய்ச் சட்டமிடுகிறோம். தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து குளிர்காலத்தில் வந்து தங்கும் அந்த இரண்டு மாதத்திலேயே, ஒரு மாலை, ஒருவரைத் தனியாக உட்கார வைத்து எடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியில் குடை பிரதிபலித்தால் விளக்கைச் சற்று உயர்த்தினால் போதும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், அது இல்லாமல் அவர்களை அவர்களுக்கே அடையாளம் தெரியாது. கைப்பேசியில் வைத்து மறந்துவிடாமல் தாளில் அச்சிட்டு ஒரு பிரதியை ஊருக்கு அனுப்புங்கள். பின்புறத்தில் பெயரும் இடமும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். மை மறுபக்கம் ஊறக்கூடும்.