வசூல் ஆள் மீது புகாரா? முதல் இமெயில் வங்கிக்கு!

சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், எங்களுக்குத் தெரிந்தவர், ஒரு நாள் இரவு வீட்டுக்கு வந்தார். "தம்பி, தறிக்கு வாங்கின கடன்ல ரெண்டு தவணை நின்னு போச்சுங்க. வசூல் பண்றவன் என் மச்சானுக்கெல்லாம் போன் போட்டுக் கேவலமாப் பேசறானுங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு புகார் போட்டுக் கொடுக்கோணும்" என்றார்.

ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். எனப்படும் புகார் தளத்தைத் திறந்தோம். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அந்த வசூல் ஏஜென்சியின் பெயரே இல்லை. இருக்கவும் இருக்காது. கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனம்தான் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஏஜென்சி அதன் கையாள் மட்டுமே. கையாள் செய்த தவறுக்கும் முதலாளியைத்தான் கேட்க வேண்டும்.

சரியென்று வங்கியின் பெயரைக் கொடுத்து அனுப்பினோம். புகார் ஏற்கப்படவில்லை. வங்கியிடம் முதலில் எழுத்து மூலம் முறையிடவில்லை என்பது காரணம். விதிகளைப் படிக்காமல் பட்டனைத் தட்டியது என் தவறுதான். சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் கொஞ்சம் அதிகம்!

2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் திட்டம் வகுத்த வரிசை இதுதான். முதலில் வங்கிக்குப் புகார். வங்கி அதை மறுத்தாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, 30 நாட்களாகியும் பதிலே வராவிட்டாலோதான் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கும் ஓராண்டுக் கெடு வைத்திருந்தார்கள். கெடு மாறக்கூடியது என்பதால் தளத்தில் இப்போதுள்ள விதியைப் பார்த்துக் கொள்ளுங்கள். அதே பிரச்னை கோர்ட்டில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். உங்களுக்காக வேறொருவர் புகார் தரலாம், ஆனால் வழக்கறிஞர் மூலம் தர முடியாது. வட்டியைக் குறை, தவணையைத் தள்ளிப் போடு என்பதெல்லாம் வங்கியின் வணிக முடிவு. அதற்கு இங்கே இடமில்லை.

ஆகவே எல்லாமே அந்த முதல் இமெயிலில்தான் இருக்கிறது. வங்கியின் இணைய தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரி இருக்கும். அதற்கே அனுப்புங்கள். கடன் எண், அழைப்பு வந்த எண், தேதி, நேரம், என்ன பேசினார்கள் என்பதை எழுதுங்கள். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையையும் குறிப்பிடலாம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அது சொன்னது. மச்சானுக்குப் போன் போட்டது இதில் நேராகச் சிக்குகிறது.

அழைப்புகளைக் குறித்து வைக்க நோட்பேட் போதும். எப்5 கீயைத் தட்டினால் அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்து விழும். முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். 1980ஆம் ஆண்டு என்று காட்டினால் சிரிப்பார்கள். அனுப்பிய இமெயிலை பி.டி.எப். பைலாக மாற்றி, எஸ்.எம்.எஸ். படங்களுடன் ஒரே போல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள். பிறகு ஓம்பட்ஸ்மேனிடம் போக நேர்ந்தால் வங்கிக்கு எழுதியதற்கான சான்றைக் கேட்பார்கள்.

மொபைல் ஆப் மூலம் வாங்கிய கடன் என்றால் ஒரு வேலை கூடுதல். ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனம் எது என்று கடன் ஒப்பந்தத்தில் தேடுங்கள். 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இத்தகைய ஆப்களின் பட்டியலைத் தன் தளத்தில் தந்து வருகிறது. பின்னால் யாருமே இல்லாத ஆப் என்றால் ஓம்பட்ஸ்மேனால் பயனில்லை. படத்தை மாற்றி மிரட்டுகிறான் என்றால் 30 நாள் காத்திருக்கவும் வேண்டாம். சைபர் கிரைம் எண் 1930க்கு உடனே பேசுங்கள்.

பெரியவர் மறுநாளே வங்கிக்கு இமெயில் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மச்சானுக்குப் போன் வருவது நின்றுவிட்டது. அந்த இரண்டு தவணை மட்டும் அப்படியே இருக்கிறது.